‘ஆம்’ என்னும் சிறுசொல்: சமயம், செய்தி, சமூக மாற்றம்



சமயம் பற்றிய தனியாள் கருத்து, செய்தியின்மீது நாம் வைக்கும் நம்பிக்கை, சமூகம் மெல்ல மாறும் முறை ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசுமாறு பேரவையினர் பணித்தனர். முதலாவது சமய அறிஞர்க்கு உரியது. இரண்டாவது இதழியலார்க்கு உரியது. மூன்றாவது சமூகவியலார்க்கு உரியது. மொழியியல் படித்துப் பணிநிறைவு பெற்ற ஒருவன் இவற்றைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று தயங்கினேன். அத்தயக்கத்தின் நடுவே என் தாயாரின் பேச்சு நினைவுக்கு வந்தது. அவர் இந்தத் திரிங்காப்பை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும், தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் அவர் ஒருநாளும் கலந்து பேசியதில்லை. அதற்கு அவருக்குத் துணைநின்றது ‘ஆம்’ என்னும் சிறுசொல். அச்சொல்லை வைத்தே மூன்று பொருளையும் பேசிவிடலாம் எனத் துணிந்து உங்கள்முன் நிற்கிறேன்.

கண்டதும் கேட்டதும்

‘மழை பெய்தது’ என்பது ஒரு தொடர். ‘மழை பெய்ததாம்’ என்பது மற்றொரு தொடர். இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே. முதல் தொடரைச் சொல்பவர் அந்நிகழ்ச்சிக்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாம் தொடரைச் சொல்பவர், ‘இதை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்னும் செய்தியையும் சேர்த்துத் தருகிறார். அவ்வளவு பெரிய செய்தியைச் சுமப்பது தொடரின் இறுதியில் ஒட்டிநிற்கும் ‘ஆம்’ மட்டுமே.

லயத்து வாழ்க்கையில் இச்சொல் ஒலிக்காத நாளில்லை. ‘நாளைக்குப் பெரட்டு இல்லையாம்’, ‘புதுத் துரை வர்றாராம்’, ‘தண்டல் மகளுக்குக் கல்யாணமாம்’ என்று விடிந்தது முதல் அடையும் வரை கேட்டு வளர்ந்தவன் நான். இச்சொல் வினைமுற்றோடு மட்டுமன்றிப் பெயரோடும் ஒட்டும், எதிர்மறையோடும் ஒட்டும். கேள்விச் சொல் உள்ள தொடரிலும் வரும். ‘எப்ப வர்றாராம்?’ என்று கேட்டால், ‘அவர் வருவதாக உனக்குச் சொன்னவர் எந்த நேரத்தைச் சொன்னார்?’ என்பது பொருள். எதிரில் நிற்பவரும் கேள்விப்பட்டவரே என்பதை உணர்ந்து கேட்கும் கேள்வி அது.

இதன் பிறப்பு ‘ஆகு’ என்னும் வினை. ‘ஆகும்’ என்பது இடைகுறைந்து ‘ஆம்’ ஆயிற்று. ஒன்றை உடன்பட்டு நாம் சொல்லும் ‘ஆம்’ என்பதும் அதே ‘ஆகும்’ என்பதன் சுருக்கமே. ஒரே சொல் தனித்து நின்றால் உறுதியையும், ஒட்டி நின்றால் உறுதியின்மையையும் காட்டுகிறது. மாணவர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. ‘அப்படி இருக்கக்கூடும்’ என்னும் பொருளிலிருந்து ஒரு கிளை உடன்பாட்டுக்கும், மறுகிளை கேள்விச் செய்திக்கும் சென்றன என்று கொண்டால் வியப்புத் தீரும்.

இவ்வகைச் சொற்கள் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. நாம் நாள்தோறும் புழங்கும் மலாய் மொழியில் ‘கொனோன்’ என்னும் சொல் இவ்வேலையைச் செய்கிறது. துருக்கிய மொழியில் வினையோடு சேரும் ‘மிஷ்’ என்னும் விகுதி இதையே செய்கிறது. அமேசான் காட்டு மொழிகள் சிலவற்றில், பேசுபவர் தாம் கண்டாரா, கேட்டாரா, ஊகித்தாரா என்பதைக் காட்டாமல் வினைமுற்றையே அமைக்க முடியாது. நம் தொல்காப்பியர் தம் நூல் நெடுகிலும் ‘என்ப’, ‘என்மனார்’ என்னும் சொற்களைப் பெய்து, தமக்கு முன்னிருந்த புலவர் கூறியது இது என்று அறிவித்துச் செல்கிறார். கேட்டதைக் கேட்டதாகவே சொல்லும் ஒழுக்கம், நமக்குக் கிடைத்த முதல் இலக்கண நூலிலேயே இருக்கிறது.

பாட்டியர் சொன்ன சமயம்

சமயக் கதைகளை நாம் முதலில் கேட்டது பாட்டியரிடம். ‘ஒரு ராத்திரி அம்மன் கங்காணி கனவுல வந்தாளாம்; எனக்கு இந்த மேட்டுல ஒரு கல்லு நட்டு வையின்னு சொன்னாளாம்.’ எங்கள் லயத்துக் கோயிலின் வரலாறு இப்படித்தான் சொல்லப்பட்டது. இதைச் சொன்ன கிழவி வெள்ளிதோறும் அக்கோயிலுக்கு விளக்கேற்றியவர். அவர் பத்தியை ஐயுற யாருக்கும் தோன்றாது. எனினும் ஒவ்வொரு தொடரையும் ‘ஆம்’ போட்டே முடித்தார்.

இங்கே நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘ஆம்’ என்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று சிலர் எண்ணுகின்றனர். அக்கிழவியின் பேச்சு அவ்வாறு காட்டவில்லை. அவர் அம்மனை நம்பினார். அம்மன் வந்த கனவைத் தாம் காணவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இரண்டும் ஒரே நாவில் முரணின்றி வாழ்ந்தன. நம்பிக்கை என்பது மனத்தின் நிலை. ‘ஆம்’ என்பது செய்தி வந்த வழியைப் பற்றிய நேர்மை.

1995இல் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் இது மேலும் விளங்கும். அப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் சென்னையில் தங்கியிருந்தேன். செப்டம்பர் 21ஆம் நாள் காலை, வீட்டுக்கார அம்மையார் கையில் பாற்சொம்புடன் வந்து, ‘தம்பி, தில்லியில பிள்ளையார் பால் குடிக்கிறாராம்’ என்றார். அன்று அச்செய்தி தொலைபேசி வழியாகவும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் இந்தியா முழுவதும் பரவியது; கடல்கடந்து இலண்டன் வரை சென்றது. தெருமுனைக் கோயிலில் நீண்ட வரிசை. நானும் உடன் சென்றேன். அம்மையார் கரண்டியைத் துதிக்கையருகே வைத்தார், பால் குறைந்தது. திரும்பி வரும்போது அவர் அண்டைவீட்டாரிடம், ‘பிள்ளையார் குடிச்சார், என் கண்ணால பார்த்தேன்’ என்றார்.

காலையில் இருந்த ‘ஆம்’ நண்பகலில் மறைந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. கரண்டியில் பால் குறைந்ததை அவர் கண்டார், நானும் கண்டேன். ஆனால் ‘குறைந்தது’ என்பது கண்டது. ‘குடித்தார்’ என்பது ஊகித்தது. பின்னர் இந்திய அரசின் அறிவியலாளர்கள் நிறமூட்டிய பாலைக் கொண்டு ஆய்ந்து, பரப்பு இழுவிசையால் பால் கரண்டியின் விளிம்பைத் தாண்டிச் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்தோடுகிறது என்று விளக்கினர். கண்டது, கேட்டது என்னும் இரண்டோடு ஊகித்தது என்னும் மூன்றாவதும் உண்டு என்பதை அன்று கற்றேன். தமிழில் ஊகத்துக்கும் சொற்கள் உள்ளன: ‘போலும்’, ‘போல் இருக்கிறது’. அம்மையார் ‘குடிச்சாரு போல இருக்கு’ என்று சொல்லியிருந்தால் அவர் பத்தியும் குறைந்திராது, அறிவியலும் மறுத்திராது.

படித்துக் காட்டிய குரல்

இனி, செய்தித்தாளுக்கு வருவோம். 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தோன்றியது. 1935 சூலை 6ஆம் நாள் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் தமிழ் முரசு தோன்றியது. தாப்பாவிலிருந்து இம்மலைக்குச் சாலை போடப்பட்டதும், தேயிலைத் தோட்டங்கள் உருவானதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். காடு திருத்தவும் கொழுந்து கிள்ளவும் வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுக்கு ஏடு என்பது கண்ணால் படிப்பது அன்று, காதால் கேட்பது.

என் இளமையில் முடிதிருத்தும் கடையொன்றில் மாலைதோறும் அது நடந்தது. கீழிருந்து வரும் வண்டியில் ஏடு வந்து சேரும். கடைக்கார அண்ணன் உரக்கப் படிப்பார். பெஞ்சில் பத்துப் பேர் இருப்பர். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வரும் பெண்கள் வாசலில் நின்று கேட்பர். அச்செழுத்தில் ‘ஆம்’ இராது. ‘விலை உயர்ந்தது’, ‘சம்பளப் பேச்சு முறிந்தது’ என்று திட்டவட்டமாகவே இருக்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் என் தாயார், ‘சம்பளப் பேச்சு முறிஞ்சிருச்சாம், பேப்பர்ல போட்டிருக்கானாம்’ என்றே தந்தையாரிடம் சொல்வார். அச்சு நீக்கிய ‘ஆம்’ என்பதை அவர் நாக்கு திரும்ப ஒட்டிவிடும். அதிலும் பாருங்கள்: ‘முறிஞ்சிருச்சாம்’ என்பது ஏடு சொன்னது, ‘போட்டிருக்கானாம்’ என்பது, ஏட்டில் அப்படி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னது. தமக்கும் செய்திக்கும் இடையே இரண்டு பேர் நிற்கின்றனர் என்பதை எழுத்தறியாத அப்பெண்மணி இரண்டு ‘ஆம்’களால் கணக்குக் காட்டினார்.

அன்று மக்கள் ஏட்டை நம்பினர் என்று சொல்வது முழு உண்மையாகாது. படித்துக் காட்டியவரை நம்பினர் என்பதே சரி. அவர் முகம் தெரியும். நாளைக்கும் அதே நாற்காலியில் இருப்பார். ‘நேத்து நீ படிச்சது பொய்யாப் போச்சே அண்ணே’ என்று அவரைக் கேட்க முடியும். கேட்டிருக்கிறார்கள், அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அவன் எழுதினதைப் படிச்சேன், நான் என்ன செய்ய’ என்று சொல்லியிருக்கிறார்.

‘கேள்’ என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செவியால் ஏற்பதும் கேட்டலே; வினாவுவதும் கேட்டலே. திருவள்ளுவர் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தைக் ‘கல்லாமை’க்கும் ‘அறிவுடைமை’க்கும் நடுவில் வைத்தார். அங்கே கேள்வி என்பது செவிச்செல்வம். ஆயினும் இரு பொருளும் ஒரே வேரில் நிற்பதை ஆசிரியர் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். செவியால் ஏற்றவன் வினாவவும் கூடிய இடமாக அந்த முடிதிருத்தும் கடை இருந்தது.

பின்னர் வானொலி வந்தது. குரல் இருந்தது, வினாவ முடியவில்லை. இருப்பினும், ஒரே நேரத்தில் அனைவரும் கேட்டதால் ஒருவர் தவறாகக் கேட்டதை மற்றவர் திருத்தினர். இன்று திறன்பேசி வந்துள்ளது. அதில் குரலும் இல்லை, பெஞ்சும் இல்லை. செய்தி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் தனித்தனியே இறங்குகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஓர் ஏடு நிற்கும்போது, தவறு செய்தால் சென்று கேட்கக்கூடிய முகவரி ஒன்றும் நம்மை விட்டுப் போகிறது.

சொல் மாற எடுத்துக்கொண்ட காலம்

ஏடுகள் மக்களை மாற்றினவா என்னும் வினாவை மாணவர்கள் கேட்பர். மாற்றின, ஆனால் ஏடுகள் விரும்பிய வேகத்தில் அன்று.

1929 திசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போவில் நிகழ்ந்த தமிழர் மாநாட்டில் பங்கேற்றார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. தமிழ் முரசு அதன் குரலாகவே தொடங்கியது. சாதி வேற்றுமை, உயிர்ப்பலி, வீண் சடங்குகள் ஆகியவற்றை அக்குரல் கண்டித்தது. 1952 முதல் தமிழர் திருநாளைக் கொண்டாடச் செய்து, சமய வேறுபாடின்றித் தமிழர் கூடும் ஒரு நாளைச் சாரங்கபாணி அமைத்தார். இவற்றை எதிர்த்தோரும் பலர். கடவுளை மறுக்க வந்த கூட்டம் என்று கடுமையாகப் பேசியோரும் உண்டு.

மாற்றம் எங்கே பதிந்தது என்பதை நான் சொற்களில் தேடினேன். என் பெற்றோர் தலைமுறையின் திருமண அழைப்புகளில் ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்றிருக்கும். என் திருமண அழைப்பில் ‘திருமண அழைப்பிதழ்’ என்றிருந்தது. ‘நமஸ்காரம்’ என்பது ‘வணக்கம்’ ஆயிற்று. ‘அக்கிராசனர்’ என்பவர் ‘அவைத்தலைவர்’ ஆனார். ‘பிரசங்கம்’ ‘சொற்பொழிவு’ ஆயிற்று. தோட்டத்தில் ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவர் ‘தொழிலாளர்’ ஆனார். இவற்றுள் எதுவும் ஒரே நாளில் நிகழவில்லை. ஒரே அழைப்பிதழில் ‘விவாகம்’ என்பதும் ‘திருமணம்’ என்பதும் அருகருகே நின்ற காலம் உண்டு. பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே வீட்டில் சிலகாலம் குடியிருந்த பின்னரே பழையது வெளியேறுகிறது. மொழியியலில் இது யாவரும் அறிந்த நெறி. சமூகமும் அந்நெறியிலேயே மாறுகிறது என்பது என் துணிபு.

எங்கள் லயத்துக் கோயிலை மீண்டும் எடுத்துக்கொள்வோம். என் சிறுவயதில் ஆண்டுத் திருவிழாவில் கிடா வெட்டுவர். உயிர்ப்பலி கூடாது என்னும் கட்டுரைகள் முடிதிருத்தும் கடையில் படிக்கப்பட்டன. கேட்டவர்கள் தலையாட்டினர், மறுவாரமே கிடாவும் வெட்டினர். அக்கட்டுரைகளால் ஒரு கிடாவும் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

திருவிழா அறிவிப்புத் தாள்கள் சிலவற்றை என் தந்தையார் பெட்டியில் வைத்திருந்தார். முதல் தாளில் ‘கிடா வெட்டு’ என்று பெரிய எழுத்தில் உள்ளது. சில ஆண்டுகள் கழித்து வந்த தாளில் ‘நேர்த்திக்கடன் செலுத்துதல்’ என்றிருக்கிறது. வெட்டுதல் அப்போதும் உண்டு. ஆனால் கோயிலின் பின்புறம் நடந்தது. சொல் நாணியது, செயல் மறைவுக்குச் சென்றது. பின்னொரு தாளில் ‘பூசணிக்காய் பலி’ என்று வந்துவிட்டது. இடையில் நடந்தது என்ன? ஒருத்தி தன் மகன் தேர்வில் வென்றதற்குக் கிடாவுக்குப் பதில் எலுமிச்சை மாலை சாத்தினாள். அம்மன் சினக்கவில்லை. அடுத்த ஆண்டு மேலும் இரு வீட்டார் அவ்வாறு செய்தனர். முதிர்ந்த பூசாரி, ‘ஆத்தா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவா’ என்றார். அவர் சொன்னதை யாரும் கட்டுரை என்று எண்ணவில்லை. அவரை அறிவர், எனவே ஏற்றனர்.

அப்படியானால் ஏடுகள் எழுதியவை வீணா? இல்லை. ஏடு ஒரு சொல்லைக் காற்றில் விட்டது. ‘பலி கூடாதாம்’ என்று மக்கள் அதைச் சிலகாலம் ‘ஆம்’ போட்டுச் சுமந்தனர். அறிந்த ஒருவர் செய்து காட்டியபோது ‘ஆம்’ உதிர்ந்து, ‘பலி கூடாது’ என்று அது தம் சொந்தக் கருத்தாயிற்று. கேட்ட கருத்து சொந்தக் கருத்தாக மாற ஒரு தலைமுறை பிடித்தது. அவ்வாறு மாறியது பின்னர் திரும்பவில்லை. வற்புறுத்தித் தடுத்திருந்தால், தடுத்தவர் அகன்ற மறுநாளே கிடா திரும்பியிருக்கும் என்று எண்ணுகிறேன்.

நான் செய்த பிழை

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், மாணவர் கட்டுரைகளில் ‘ஆம்’ வரும்போதெல்லாம் சிவப்பு மையால் அடித்தேன். ‘வந்தாராம்’ என்றிருந்தால் ‘வந்தார்’ என்று திருத்தினேன். அது பேச்சுவழக்கு; கட்டுரைக்கு ஆகாது என்று கற்பித்தேன். அடித்த இடத்தில் ‘யார் சொன்னது?’ என்று ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கேட்டதைக் கண்டதாக எழுதுமாறு பல தலைமுறை மாணவர்க்கு, அறியாமலே, பயிற்சி அளித்திருக்கிறேன்.

அதன் விளைவு ஒருநாள் என்னிடமே வந்தது. 2018 நவம்பர் 26ஆம் நாள் விடியற்காலை, சுபாங் ஜெயாவில் உள்ள சீபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் ஒரு கூட்டம் புகுந்து கலவரம் விளைந்தது. முன்னாள் தோட்டத்துக் கோயில் அது. நிலம் குறித்த வழக்கு நெடுநாளாக இருந்தது. காலையில் என் திறன்பேசியில் ஒரு செய்தி வந்தது. இன்ன இனத்தார் இன்னது செய்துவிட்டனர் என்பது அதன் சாரம். பேச்சுத் தமிழில், பிழை மலிந்து இருந்தது. இறுதிச் சொல் ‘பண்ணிட்டாங்களாம்’ என்று முடிந்தது. அதைப் பிறர்க்கு அனுப்புமுன் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன், விடுபட்ட ஒற்றெழுத்துகளை இட்டேன், ‘பண்ணிட்டாங்களாம்’ என்பதைச் ‘செய்துவிட்டனர்’ என்று மாற்றினேன். பிறகு உறவினர்க்கும் பழைய மாணவர்க்கும் அனுப்பினேன்.

நண்பகலில் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு பழைய மாணவி அழைத்தார். ‘ஐயா, நீங்க அனுப்பினதைப் படிச்சிட்டு என் தம்பி மூணு பேரோட கார்ல கிளம்பிட்டான். உங்களுக்கு யார் சொன்னாங்க ஐயா?’ என்றார். என்னிடம் விடையில்லை. எனக்கு அனுப்பியவருக்கும் யாரோ அனுப்பியிருந்தார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. அவர் தந்தையார் மகனோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் மன்றாடினார். தாப்பா வரை சென்ற வண்டி மாலையில் மலையேறித் திரும்பியது. நானும் அவ்விளைஞனை அழைத்து, ‘நான் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதினேன்’ என்று சொன்னேன்.

இது நிலத் தகராறு, இனக் கலவரம் அன்று என்று காவல்துறையும் அரசும் விளக்கின. அக்கலவரத்தின்போது படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் திசம்பர் 17ஆம் நாள் உயிர்நீத்தார். அந்த இளைஞர்கள் அங்குச் சென்று சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் எண்ணி நடுங்குகிறேன்.

எனக்கு வந்த செய்தியை எழுதிய முகமறியா மனிதர் என்னினும் நேர்மையானவர். தாம் கேட்டதைக் கேட்டதாகவே எழுதினார். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவன் அந்த நேர்மையை இலக்கணப் பிழையாகக் கருதி நீக்கினேன். பிழையற்ற தமிழ் அச்செய்திக்கு இல்லாத தகுதியைக் கொடுத்தது. ‘ஐயா எழுதினால் சரியாக இருக்கும்’ என்று அவ்விளைஞன் நம்பினான்; ஒற்றுப்பிழை இல்லாத பொய்யை நம்பினான்.

ஆசிரியர்க்குச் சில வேண்டுகோள்கள்

முதலாவது, மாணவர் கட்டுரையில் ‘ஆம்’ வந்தால் அடித்துவிட்டு மேலே செல்லாதீர்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆனால் சொன்னவர் பெயரோடு மாற்றச் சொல்லுங்கள். ‘வந்தாராம்’ என்பதை ‘வந்தார்’ என்று மாற்றுவது பிழை. ‘வந்ததாகக் கூறப்படுகிறது’ என்பதும் போதாது. கூறியவரை அது மறைத்துவிடுகிறது. செய்தித்தாள்கள் பெரிதும் விரும்பும் அச்செயப்பாட்டு வினையைக் காணும்போதெல்லாம் ‘யாரால் கூறப்படுகிறது?’ என்று கேட்கப் பழக்குங்கள். ‘வந்தார் என்று கோயில் செயலாளர் சொன்னார்’ என்று எழுதினால் அது நல்ல தமிழ். நல்ல ஒழுக்கமும் ஆகும்.

இரண்டாவது, வாரம் ஒருமுறை ஒரு செய்தியை எடுத்து, கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்று பத்தியாகப் பிரிக்கச் செய்யுங்கள். அதே செய்தி மலாய் ஏட்டிலோ வேறு தமிழ் ஏட்டிலோ எவ்வாறு வந்துள்ளது என்றும் ஒப்பிடச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, நம் மலைத்தோட்டங்களில் இன்று நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோரே பெரிதும் வேலை செய்கின்றனர். லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குச் சென்றுவிட்டன. எஞ்சியுள்ள முதியோரிடம் கோயில் வரலாறுகளைக் கேட்டு எழுதுமாறு மாணவர்களை அனுப்புங்கள். எழுதும்போது ‘ஆம்’களை நீக்க வேண்டா. அவர் சொன்னது எப்படியோ அப்படியே ஏட்டில் ஏறட்டும்.

நான்காவது, ஓர் எச்சரிக்கை. ‘ஆம்’ என்பதற்கு எள்ளும் ஆற்றலும் உண்டு. ‘இவர் பெரிய அறிஞராம்!’ என்றால் அது பாராட்டன்று. அயலார் சமயத்தைப் பற்றிப் பேசும்போது அந்த எள்ளல் நம்மை அறியாமலே குரலில் ஏறிவிடும். எனவே ‘ஆம்’ என்னும் அளவுகோலை முதலில் நம் கதைகளுக்கு வையுங்கள். நமக்கு வேண்டியவர் அனுப்பிய செய்திக்கு வையுங்கள். நம் பக்கத்தார் சொல்லும் குறைக்கு வையுங்கள். அதன் பின்னரே அயலார்க்கு.

என் சமயக் கருத்து என்ன என்று சிலர் கேட்டனர். என் துணைவியார் நாள்தோறும் கோயிலுக்குச் செல்பவர். நான் திருவிழாவுக்கு மட்டும் செல்பவன். முப்பத்தைந்து ஆண்டுகளாக இக்கருத்து வேற்றுமை எங்கள் இல்லத்தில் அமைதியாகக் குடியிருக்கிறது. அவர் தாம் உணர்ந்ததை உணர்ந்ததாகச் சொல்கிறார். கேட்டதைக் கேட்டதாகச் சொல்கிறார். அந்த எல்லையை இருவரும் காப்பதால் வழக்கு மூள்வதில்லை.

எழுத்தறியாத என் தாயார் காத்த அந்த எல்லையை, எழுத்தறிந்த நான் ஒருநாள் அழித்தேன். மாணவர்களே, நாளைக் காலை உங்கள் கையில் ஒரு செய்தி இறங்கும். அதைப் பிறர்க்கு அனுப்புமுன், இறுதியில் ‘ஆம்’ சேர்த்து ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். அப்படிப் படித்த பின்னும் அனுப்பத் தோன்றினால், அந்த ‘ஆம்’ என்பதோடும் சொன்னவர் பெயரோடும் அனுப்புங்கள்.

இதில் எனக்குத் தெரியாமல் பிழை இருந்தால், என்னை வினாவுங்கள்.